ஏழாவது வாய்

டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க, ஆறிப் போனா நான் பொறுப்பில்ல. நம்பறதும் நம்பாததும் உங்க பாடு. ஆனா கேட்டு முடிச்சதும் வாய்க்கு வந்தபடி "ஆமாங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, இந்த ஊர்ல அந்தச் சொல்லை நாங்க பாத்துப் பாத்துத்தான் செலவு பண்றோம்.

எங்க கருக்கம்பாளையத்து மாட்டுச் சந்தை வியாழக்கிழமை கூடும். சந்தை வாசல்ல மொத டீக்கடை என்னோடது, என் பேரு நாச்சாயி, வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும். அந்தச் சந்தைக்குத்தான் ரெஜினான்னு ஒரு பொண்ணு, திருச்சிப் பக்கம் ஏதோ காலேஜ்ல மனசைப் பத்திப் படிக்கிறவ, தோள்ல ஒரு பையும் பை நெறைய மாட்டுத் தலைக்கயிறுமா வந்து எறங்குனா. மாடு வாங்க வந்தவன்னு நெனச்சு நாலு தரகருங்க ஓடுனாங்க. மாடு வேண்டாம், நீங்கதான் வேணும்னு சொல்லிட்டா.

"இந்தச் சோதனைய இதுக்கு முன்னால நெறையப் பேரு பண்ணிட்டாங்கக்கா," எங்கிட்ட சொன்னா. "ஆனா எப்பப் பாரு காலேஜ்ப் பசங்களையே உக்கார வெச்சுப் பண்றாங்க. உலகத்துல மனுசன்னா காலேஜ்ப் பசங்க மட்டும்தானா? அதான் இங்க வந்தேன்."

"மனுசனத் தேடி மாட்டுச் சந்தைக்கு வந்தியா கண்ணு"ன்னு கேட்டேன். சிரிச்சா. நல்ல பொண்ணுதான், சீனி மட்டும் கொஞ்சம் அதிகமாக் கேப்பா.

சோதனை ரொம்பச் சின்னது. மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால இருக்கற தகரக் கொட்டாயில ஒரு பக்கத்துச் சுவத்துல ஒரு கயிறு தொங்கும், எதுத்த சுவத்துல மூணு கயிறு தொங்கும், அந்த மூணுல எது இந்த ஒத்தைக் கயிறு நீளம்னு வரிசையா உக்காந்து வாய்விட்டுச் சொல்லணும். மொத ஆறு பேரு ரெஜினா ஏற்பாடு பண்ண ஆளுங்க, தரகருங்க, அவங்களுக்குத் தலைவரு மாதிரி நாட்ராயன். பல்லே இல்லாத எருமைய நாலு பல்லு இளசுன்னு சத்தியம் பண்றவருக்குக் கயிறு ஒரு பெருசா? ஆறு பேரும் வேணும்னே குட்டைக் கயிறைக் காட்டி "இதுதாங்க"ம்பாங்க. ஏழாவதா உக்கார்றவருக்கு மட்டும் விசயம் தெரியாது. அவரு தன்னோட கண்ணைச் சொல்றாரா, ஊரோட வாயைச் சொல்றாரான்னு பாக்கறதுதான் சோதனை.

சந்தைக்கு வந்த ஆளுங்க ஒவ்வொருத்தரா ஏழாவதா உக்காந்தாங்க. கயிறைப் பாத்தாங்க, அந்த ஆறு பேரைப் பாத்தாங்க, மறுபடி கயிறைப் பாத்தாங்க, அப்பறம் தொண்டையச் செருமிக்கிட்டு "ஆமாங்க, அதுதாங்க"ன்னாங்க. எனக்கும் அங்க ஒரு எடம் கெடச்சுது, நானும் ஆமான்னுதான் சொன்னேன், குட்டைக் கயிறுன்னு நல்லாத் தெரிஞ்சும் சொன்னேன், ஆறு ஆம்பளைங்க கயிறு விசயத்துல கேனத்தனமாப் பேசறப்ப நான் ஒருத்தி எதுக்குச் சண்டை போடணும், கயிறென்ன என் சொத்தா?

துளசிமணி மட்டும் ஆமான்னு சொல்லல. சந்தையில மாட்டுக்குப் போடற சோளத்தட்டு விக்கிறவ, கட்டு நல்லா இறுக்கமா இருக்கும், ஆளும் அப்படித்தான். அவ வீட்டுக்காரன் சென்னியப்பன் போர் போடற லாரியில வடக்க போனவன், அங்க ஒரு ஆத்துல வெள்ளம் வந்து லாரி போயிருச்சுன்னு சேதி வந்துச்சு, மத்த ஆளுங்க உடம்பு கெடச்சுது, இவன் உடம்பு மட்டும் கெடைக்கல. இவ நெத்திப் பொட்டும் அழியல. அந்தத் துளசிமணி ஏழாவதா உக்காந்து, ஆறு பேரு சொன்னதையும் பொறுமையாக் கேட்டுட்டு, "இல்லீங்க மாமா, நடுக்கயிறுதான்"னு சொல்லிட்டு எந்திரிச்சா. சோதனை முடிஞ்சதும் உண்மையச் சொல்லிடணும்னு அவங்க படிப்புல ஒரு முறை இருக்காம், ரெஜினா பின்னாலயே ஓடிப்போய், நீங்க சொன்னதுதான் சரி, மத்தவங்க எல்லாம் நான் சொல்லச் சொல்லித்தான் பொய் சொன்னாங்கன்னு சொன்னா.

"சரின்னு உனக்கே தெரிஞ்சா எங்கிட்ட எதுக்கும்மா கேட்ட?" துளசிமணி கேட்டா. ரெஜினாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

துளசிமணிக்கு அப்பறமும் அன்னிக்குப் பல பேரு உக்காந்து ஆமான்னுட்டுத்தான் போனாங்க. மக்யா நாள் விடிஞ்சதும் ரெஜினா கயிறையெல்லாம் சுருட்டப் போனா, அந்தக் குட்டைக் கயிறு வளந்திருந்துச்சு. முழம் போட்டுப் பாத்தோம், ஒத்தைக் கயிறும் அதுவும் ஒரே நீளம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரு, பனியில கயிறு நீளும்னு சொல்லிட்டுப் பல்லு வெளக்கப் போயிட்டாரு. ரெஜினா புதுக்கயிறு வாங்கிக் கட்டி மறுபடி சோதனை பண்ணுனா, அதுவும் வளந்துச்சு. நைலான் கயிறு கட்டுனா, அதுவும் வளந்துச்சு. துளசிமணியத் திரும்பக் கூட்டிட்டு வந்து கடைசி ஆளா உக்கார வெச்சு, அவ இல்லைன்னு சொன்ன அன்னிக்கு மட்டும் கயிறு பேசாம இருந்த நீளத்துலயே இருந்துச்சு. அப்படித்தான் எங்களுக்கு வெவரம் புரிஞ்சுது. ஆறு வாய் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே பேச்சைப் பேசி, ஏழாவது வாய் இல்லைன்னு மறிக்காம இருந்தா, பேசுனது நெசமாயிருது.

நீங்க இப்படிப் புருவத்தைத் தூக்கறீங்களே, நாங்க தூக்கல. அடுத்த வியாழக்கிழமை எத்தனை மாடு வரும், தண்ணித் தொட்டி பத்துமான்னுதான் எங்களுக்குக் கவலை. தரகருங்க வேலைய ஆரம்பிச்சாங்க. கெழட்டுக் காளையச் சுத்தி ஆறு பேரு நின்னு "நாலு பல்லு, நாலு பல்லு"ன்னு சொன்னா அதுக்கு நாலு பல்லு ஆயிரும், மாடும் இளசாட்டம் துள்ளும். வாங்க வந்தவனும் சும்மா இருப்பானா, அவனும் ஆறு பேரைக் கூட்டிட்டு வந்து "கெழடு, கெழடு"ன்னான். ஒரே மாடு ஒரே மத்தியானத்துல இளசாகிக் கெழடாகி இளசாகி, கடைசியில எந்தப் பல்லால அசை போடறதுன்னு தெரியாம வாயைத் தொறந்தபடியே நின்னுச்சு. அது மொதல்ல எப்படி இருந்துச்சுன்னு வித்தவனுக்கும் தெரியல, வாங்குனவனுக்கும் தெரியல. கல்யாணப் பந்தியில ஆறு பேரு உப்புக் கம்மின்னு சொல்லிச் சாம்பாரு சப்புன்னு போச்சு, சமையக்காரன் அழுதான். பள்ளிக்கூடத்துல ஒரு பெஞ்சுக்கு அஞ்சு பசங்களுக்கு மேல உக்காரக் கூடாதுன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு. யாரு எதைக் கேட்டாலும் சனங்க "உம்"னு மட்டும் சொல்லப் பழகிக்கிட்டாங்க, உம்முன்னா ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல, கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். அந்த உம்மை ஆமாவுல சேக்கறதா இல்லையில சேக்கறதான்னு தெரியாம ரெஜினாவுக்குத் தலைவலி வந்து எங்கிட்ட மாத்திரை கேட்டா.

எல்லாரும் வெளையாண்டுக்கிட்டிருந்தப்ப துளசிமணி ஒருத்திக்குத்தான் அது வெளையாட்டில்ல. சென்னியப்பன் பேச்சு வந்தா ஊர்ல என்ன சொல்லுவாங்க? "பாவம், சென்னியப்பன் இல்லை"ம்பாங்க. ஒருத்தரு சொல்லுவாரு, அடுத்தவரு உச்சுக் கொட்டிக்கிட்டே அதையே சொல்லுவாரு. ஆறு பேரு சொல்லி முடிச்சா அந்த மனுசன் எங்க எந்த ஆஸ்பத்திரியில எந்தப் பாசை தெரியாம கெடந்தாலும் செத்துப் போயிருவானே. அவ சோளத்தட்டைப் போட்டது போட்டபடி ஓடுவா. பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு கூடி நின்னா ஓடுவா, ரேசன் கடையில வரிசை நின்னா ஓடுவா, எழவு வீட்டுல அழுதுக்கிட்டிருக்கற பொம்பளைங்களுக்கு நடுவுல போய் உக்காந்து, அவங்க "சென்னியப்பனும் இல்லை"ன்னு இழுக்கறப்ப "இல்லை"ம்பா. அவங்க இல்லைங்கறதுக்கு இவ இல்லைம்பா. ஊரு பூரா ஒரு இல்லையத் தொரத்திக்கிட்டு இன்னொரு இல்லை ஓடுச்சு. எங்கடையில ஆறு ஸ்டூல் இருந்துச்சு, ஒண்ண எடுத்து உள்ள போட்டேன். அதனால யாவாரம் கொறஞ்சா கொறயட்டும்.

இப்படியே ஓடி ஓடி அவ உருகிப் போனா. ஒரு வியாழக்கிழமை எங்கடை வாசல்லயே கண்ணு இருட்டி உக்காந்துட்டா. அதைப் பாத்துட்டு ரெஜினா நாட்ராயன்கிட்டச் சண்டைக்குப் போனா.

"ஏனுங்க, அவங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு நீங்க நெசமாவே நம்பறீங்களா?"

நாட்ராயன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரெஜினா கை மேல போட்டு, அதுக்குள்ள தன்னோட கைய விட்டாரு. தரகருங்க அப்படித்தான் வெலை பேசுவாங்க, ஊரே கேக்க வாய் ஒண்ணைச் சொல்லும், துண்டுக்குள்ள வெரலு நெசத்தைச் சொல்லும், புடிச்சிருக்கற ரெண்டு கைக்கு மட்டும்தான் அது தெரியும். "வருவான்னா வெரலை நீட்டறேன். வரமாட்டான்னா மடக்கறேன்"னாரு. ரெஜினா மொகம் மாறிப் போச்சு. வெரலை நீட்டிட்டாரு. அவ துண்டை எடுத்துக்கிட்டு மத்த அஞ்சு தரகருங்ககிட்டயும் போனா. ஆறு பேரும் நீட்டுனாங்க.

"அப்ப எதுக்கு வாயால இல்லைன்னு சொன்னீங்க?"

"மத்த அஞ்சு பேரும் அப்படி நெனைக்கறாங்கன்னு நெனச்சேன் அம்மிணி," நாட்ராயன் சொன்னாரு. மத்த அஞ்சு பேரும் அதையேதான் சொன்னாங்க. அப்பறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க.

ரெஜினா தவிட்டு மூட்டை மேல உக்காந்துட்டா. "இதாங்க்கா இந்தச் சோதனையோட கொறை. வாய் சொன்னதைத்தான் என்னால எண்ண முடியும், மனசு ஒத்துக்கிச்சா, மரியாதைக்குத் தலையாட்டுச்சான்னு எண்ண முடியாது. கயித்துக்குப் பொய் சொல்றவங்க வாழ்க்கைக்கும் அப்படியே பொய் சொல்லுவாங்களான்னும் தெரியாது. பொய் சொல்லச் சொல்லிக் குடுத்துட்டு உண்மையத் தேடறதும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

"அப்பறம் என்னத்துக்குடி இதைக் கட்டிக்கிட்டு அழுவறே?"ன்னு கேட்டேன்.

"கயிறுன்னா சரியான பதிலு ஒண்ணு இருக்குதுல்லக்கா. எது தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் மனுசன் எந்த எடத்துல வளையறான்னு தெளிவாப் பாக்க முடியுது, யாரு வேணா எங்க வேணா திருப்பிப் பண்ணிப் பாக்க முடியுது. அது லேசுப்பட்ட பலம் இல்ல." சோளத்தட்டுக் கட்டுங்க பக்கம் கையக் காட்டுனா. "துளசிமணியக்கா விசயத்துல சரியான பதிலு எந்தச் சுவத்துல தொங்குது?"

நான் உம்முன்னேன்.

தரகருங்களுக்கு மனசு உறுத்திருச்சு. மனசு உறுத்துன தரகன வெச்சுக்கிட்டு என்ன பண்றது, நாட்ராயன் நேராத் துளசிமணிகிட்டப் போயிட்டாரு. "கண்ணு, இத்தன நாளா இல்லைன்னு சொன்ன இதே வாயால வந்துட்டான்னு சொல்லிப் போடறோம். ஆறு பேரும் சொல்றோம். நீ ஏழாவதா உக்காந்து சும்மா மட்டும் இரு."

ரெஜினா வேண்டாம்னா. இப்படிக் கூப்பிட்டா எது வரும்னு தெரியாதுன்னா. துளசிமணி ரொம்ப நேரம் சோளத்தட்டைப் பிச்சுப் பிச்சுப் போட்டுக்கிட்டிருந்தா. அப்பறம், "சொல்லுங்க மாமா"ன்னா.

அடுத்த சந்தையன்னிக்கு மத்தியானம், எங்கடை வாசல்லயே, ஆறு பேரும் குளிச்சு வெள்ளை வேட்டி கட்டி வந்து வரிசையா உக்காந்தாங்க, உள்ள போட்ட ஸ்டூலை நானே தூக்கிட்டு வந்து போட்டேன், ஏழாவதாத் துளசிமணி தட்டுக் கட்டு மேல உக்காந்தா, சந்தையில பாதி சனம் மாட்டை விட்டுட்டு வந்து சுத்தி நின்னுச்சு. சென்னியப்பன் வந்துட்டான்னாரு நாட்ராயன். சென்னியப்பன் வந்துட்டான்னாரு அடுத்தவரு. வந்துட்டான், வந்துட்டான்னு ஆறு வாயும் சொல்லி முடிச்சுது. துளசிமணி உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. இல்லைங்கற சொல்லு அவ வாயில வராம இருந்து அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஈரோட்டு பஸ் வந்து நின்னுச்சு. ஒரு ஆள் எறங்குனான்.

சென்னியப்பன் ஒசரம், சென்னியப்பன் நெறம், அவனாட்டமே ஒரு தோள்பட்டை கொஞ்சம் எறக்கம். சனம் ஓன்னு சத்தம் போட்டுச்சு. "வா சென்னியப்பா"ன்னு ஒருத்தன் கையப் புடிச்சான், "எளச்சுட்டியே சென்னியப்பா"ன்னு ஒருத்தி அழுதா, கூப்பிடக் கூப்பிட அந்த மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமாச் சென்னியப்பன் மூஞ்சியா ஆயிட்டே வந்துச்சு, மூக்கு திருந்துச்சு, புருவம் சேந்துச்சு. எனக்கும் அவந்தான்னு பட்டுச்சு. இல்லையோன்னும் பட்டுச்சு. சென்னியப்பன் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போனாப்புல இருந்துச்சு.

துளசிமணி கிட்டப் போனா. ரொம்ப நேரம் பாத்தா. "யாருங்க நீங்க?"ன்னு கேட்டா.

"தெரியலைங்க," அந்த ஆளு சொன்னான். "பஸ்ஸு ஏறையில வேற பேரு இருந்துச்சு. எறங்குனதும் எல்லாரும் இந்தப் பேரைச் சொல்றாங்க. இத்தனை பேரு சொன்னா அது சரியாத்தானங்க இருக்கும்?"

அவன் கையில பேப்பர்ல சுத்துன பொட்டலம் ஒண்ணு இருந்துச்சு. துளசிமணி வாங்கிப் பிரிச்சா. கண்ணாடி வளையலு, சிவப்பும் பச்சையும், அஞ்சாறு வயசுப் புள்ளை கைக்குத்தான் ஏறும். துளசிமணிக்குப் புள்ளை இல்ல.

"இது யாருக்கு வாங்குனீங்க?"

அவன் அந்த வளையலைப் பாத்தான், எங்களைப் பாத்தான், மறுபடி வளையலைப் பாத்தான். "யாருக்கோ வாங்குனேங்க"ன்னு சொல்றப்ப அவன் கண்ணு கலங்கிருச்சு. எதுக்குக் கலங்குதுன்னு அவனுக்கே தெரியல.

ஆமான்னு சொல்லுடின்னு என் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஒரு ஆமா சொன்னா உன் வீட்டுல வெளக்கெரியும், உன் ஓட்டம் நிக்கும், பொங்குன சோறு ரெண்டு தட்டுல விழும். உன்னை யாரு கேக்கப் போறா?

துளசிமணி திரும்பி ஆறு பேரையும் பாத்துச் சொன்னா: "மாமா, என்ற ஊட்டுக்காரர் இல்லை."

நாட்ராயன் எந்திரிச்சு நின்னாரு. இத்தன நாளா இந்தப் பொண்ணு சொன்னதை நாம கேக்கலயேங்கற வருத்தம் அவரு மொகத்துல இருந்துச்சு, இனியாச்சும் அவ பேச்சுக்குக் கூட நிக்கணும்னு நெனச்சாரு போல. "அம்மிணி சொல்றதுதான் சரி. சென்னியப்பன் இல்லை"ன்னாரு.

அந்த ஆளோட புருவம் பிரிஞ்சுது.

"சென்னியப்பன் இல்லை," ரெண்டாவது தரகரு தலை குனிஞ்சு சொன்னாரு. "சென்னியப்பன் இல்லை," மூணாவது ஆளு சொன்னாரு. "தொண்டிப் பக்கம்... எங்க ஊரு தொண்டிப் பக்கம்"னு அந்த ஆளு மொணங்குனான். "சென்னியப்பன் இல்லை"ன்னாரு நாலாவது ஆளு. "சூசைமாணிக்கம். எம்பேரு சூசைமாணிக்கம்." எல்லாரும் அவளுக்கு ஆதரவாத்தான் பேசுனாங்க, மொத மொறையா ஊரே அவ பக்கம் நின்னுச்சு, அஞ்சாவது ஆளும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அதையே சொன்னப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இந்த ஆளு சென்னியப்பன் இல்லைங்கறாங்களா, சென்னியப்பனே உசுரோட இல்லைங்கறாங்களா? ரெண்டுக்கும் சொல்லு ஒண்ணுதானே. ரெஜினா பக்கம் திரும்புனேன், அவளும் வெளுத்துப் போய் நின்னா.

ஆறாவது ஆளும் சொல்லிட்டாரு. ஏழாவது வாய் என்னோடதுதான், வேற யாரும் வாயைத் தொறக்கல. இல்லைன்னு கத்த வாயெடுத்தேன்.

துளசிமணி என் வாயைப் பொத்துனா.

நான் திமிறுனேன். அவ விடல. தட்டுக் கட்டுக் கட்டி மரத்துப் போன கை அது, என் பல்லு குத்தியும் அவ எடுக்கல. "வேண்டாங்க்கா," காதுல சொன்னா, "நீங்க மறிச்சா அந்தப் புள்ளைக்கு அப்பன் போயிருவான்."

சூசைமாணிக்கம் வளையலை வாங்கி எண்ணிப் பாத்தான். "எம்மவளுக்கு, அமலிக்கு"ன்னு எல்லார்கிட்டயும் காட்டுனான். துளசிமணி ஒரு கையால என் வாயைப் பொத்திக்கிட்டே இன்னொரு கைய நீட்டி, அவன் போக வேண்டிய பஸ்ஸைக் காட்டுனா.